ஆண்டிபயாடிக் போட்டு புண்ணு ஆறிட்டு வருது, எட்டாம் நாள் காச்சல் வந்துருக்கு... மருந்தாலயே காச்சல் வருமா?

சின்னப்பாலம்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்காக கேக்குறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கங்க. நாங்க பாம்பன் பக்கம், அம்மா கடல்ல பாசி எடுக்கப் போறவுங்க, சின்னப் புள்ளையில இருந்தே அதான் சோலி. விரல்ல துணி சுத்தி கால்ல ரப்பர் செருப்பு மாட்டி கண்ணுல கண்ணாடி போட்டுதான் இறங்குவாங்க, ஆனாலும் போன வெள்ளிக்கு முந்துன வெள்ளி செருப்பு வாரு அந்து போயி பார்ல (கடலுக்குள்ள இருக்குற பவளப் பாறைல) கால் வச்சுருச்சு, கல்லு குதிகால்ல இருந்து பக்கவாட்டுல நல்லா கிழிச்சிருச்சு. அன்னைக்கு யாருட்டயும் சொல்லல. மறுநாள் பாத்தா கால் வீங்கி செவசெவன்னு இருக்கு. அம்மாவுக்கு சுகர் வேற 6 வருசமா இருக்கு, மாத்திரை போடுறாங்க, அதனால பயந்து போயி ஒரு டாக்டர்ட்ட காட்டுனோம். டிடி ஊசி போட்டு, புண்ணக் கழுவி கட்டு கட்டி, 625ங்குற ஆண்டிபயாடிக் மாத்திரை காலைல ராத்திரி ரெண்டு வேளைக்கு எழுதிக் குடுத்தாரு. 7 நாள்னு சொன்னாரு, அப்புறம் சுகர் இருக்குறதால 10 நாளா போடுங்கன்னுட்டாரு.

நல்லாதான் ஆறிட்டு வந்துச்சு. அஞ்சாம் நாளே வீக்கம் வத்திருச்சு, செவப்பு போயிருச்சு, ஓரமெல்லாம் காஞ்சு பொருக்கு கட்டிருச்சு. எட்டாம் நாள் ராத்திரி திடீர்னு உடம்பு சுடுது, பாத்தா 101. பாராசிட்டமால் குடுத்தா இறங்குது, அஞ்சாறு மணி நேரத்துல திருப்பி ஏறுது. நேத்து 102 வரைக்கும் போச்சு. இன்னைக்கு பத்தாம் நாள். சளி இல்ல இருமல் இல்ல, ஒன்னுக்குப் போறப்ப எரிச்சல் இல்ல, வயிறு போகல. ஆச்சரியம் என்னன்னா அம்மா பாட்டுக்கு எந்திரிச்சு மீன் ஆயுது சோறு வடிக்குது, காச்சக்காரி மாதிரியே இல்ல.

மாமா என்ன சொல்றாருன்னா புண்ணுக்குள்ள சீழ் கோத்திருக்கு, மாத்திரை பவர் பத்தல, பெரிய ஊசியா போடணும்னு. மெடிக்கல்ல கேட்டா 200 போட்ட இன்னொரு மாத்திரைய (செஃபிக்ஸிம்னு அட்டையில இருக்கு) சேத்துப் போடுங்கங்குறாங்க. என் கூட கடையில வேலை பாக்குற அக்கா ஒன்னு, மருந்தாலயே கூட காச்சல் வரும், அவுங்க நாத்தனாருக்கு வந்துச்சுன்னு சொல்லுது. காச்சலுக்கு குடுக்குற மருந்தே காச்சல் வர வைக்குமா? யாருக்காச்சும் தெரியுமா? இன்னும் மூனு மாத்திரை பாக்கி இருக்கு, போடவா நிறுத்தவா?

தங்கச்சிமடம்_டிரைவர்:

தங்கச்சி மாமா சொல்றதுதான் சரி. கடல் புண்ணு லேசுப்பட்டது இல்ல. எனக்கு திருக்க முள்ளு குத்தி ஒரு மாசம் படுத்தேன். மாத்திரை எல்லாம் சும்மா, ஊசி போட்டாதான் கேக்கும். நாங்க போட்டுல போறப்ப எப்பவும் பெட்டில கேப்சூல் வச்சிருப்போம், வெட்டுப்பட்டா ஒரு கேப்சூல உடைச்சு பவுடர புண்ணுல தூவி கட்டிருவோம், ரெண்டு நாள்ல காஞ்சிரும். அதையும் செஞ்சு பாருங்க.

மண்டபம்_நர்ஸக்கா:

தம்பி கோவிச்சுக்காதீங்க, அந்த கேப்சூல் தூவுற பழக்கத்த மொதல்ல விடுங்க. அது வயித்துக்குள்ள போயி ரத்தத்துல கலந்து வேலை செய்யறதுக்கு உண்டான மருந்து. மேலாகப் போட்டா புண்ணு காஞ்ச மாதிரி தெரியும், அடியில என்ன நடக்குதுன்னு தெரியாது, போதாக்குறைக்கு அந்த மருந்துக்கே உடம்பு அலர்ஜி ஆக வழி பண்ணிக் குடுக்கும். திருக்க முள்ளுக்கு உடனே செய்ய வேண்டியது வேற, கை பொறுக்குற அளவு சூடான தண்ணில ஒரு மணி ஒன்ற மணி நேரம் முக்கி வச்சிருக்கணும், அந்த விஷம் சூட்டுல கெட்டுப் போகும், அப்புறம் ஆஸ்பத்திரி.

இப்ப பொண்ணு கேட்டதுக்கு வர்றேன். நான் அரசாங்க ஆஸ்பத்திரில 27 வருசம் வார்டுல வேலை பாத்துட்டு ரிடையர் ஆனவ. டாக்டர் இல்ல, அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

ஆமா, மருந்தால காச்சல் வரும். டாக்டருங்க டிரக் ஃபீவர்னு சொல்லுவாங்க. நீங்க சொல்ற 625ல அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் ஆசிடும் இருக்கு, 500ம் 125ம் சேந்ததுதான் 625. அமாக்ஸிசிலின் பென்சிலின் குடும்பம். மருந்துக் காச்சல்ல ஆண்டிபயாடிக்ல அடிக்கடி மாட்டுறது இந்த பென்சிலின் குடும்பமும் செஃப்னு ஆரம்பிக்கிற மாத்திரை ஊசிங்களும்தான், அப்புறம் சல்ஃபா மருந்து. உடம்பு அந்த மருந்த வெளியாள்னு நெனச்சு அதுக்கு எதிரா ஆயுதம் செஞ்சு முடிக்க ஒரு வாரம் போல ஆகும், அதனாலதான் மொத தடவை அந்த மருந்து எடுக்குறவங்களுக்கு பெரும்பாலும் 7ல இருந்து 10 நாளைக்குள்ள காச்சல் வரும். முன்னாடியே அந்த மருந்து ஒத்துக்காம போயிருந்தா அடுத்த தடவை சில மணி நேரத்துலயே வந்துரும். உங்கம்மாவுக்கு எட்டாம் நாள் வந்துருக்கு, புண்ணு ஆறிட்டு வர்றப்ப வந்துருக்கு, ஆளு தெம்பா நடமாடுது. இது மூனும் சேந்து வர்றப்ப எங்க பெரிய டாக்டர் ஒருத்தர் ரவுண்ட்ஸ்ல வந்து கேஸ் ஷீட்டுல மருந்துப் பட்டியலத்தான் மொதல்ல பாப்பாரு, நோயாளிய அப்புறம்தான்.

ஆனா இங்கதான் நிதானமா கேளுங்க. அது மருந்துக் காச்சல்தான்னு இங்க உக்காந்துகிட்டு யாராலயும் சொல்ல முடியாது. மத்தது பூராம் இல்லன்னு பாத்துட்டு கடைசியா வர்ற முடிவு அது. சுகர் இருக்குற காலு, பார் கல்லு கிழிச்ச புண்ணு. கல்லுத் துண்டு பொடிசா உள்ள தங்கிட்டா மேல ஆறி உள்ள சீழ் கட்டும், அதுக்கும் காச்சல் வரும். அதனால மாத்திரைய நீங்களா நிறுத்தவும் வேணாம், நீங்களா இன்னொன்ன சேக்கவும் வேணாம், நாளைக்கு காலைல முத வேலையா ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க. ராத்திரி மாத்திரை நேரத்துக்கு முன்னாடி எழுதிக் குடுத்த டாக்டருக்கே ஒரு போன் போட்டு காச்சல் விவரத்த சொல்லி போடவா வேணாமான்னு கேட்டுருங்க. மெடிக்கல்ல சொன்ன அந்த செஃபிக்ஸிம சேத்தா என்ன ஆகும் தெரியுமா? நாளைக்கு காச்சல் எறங்கலன்னா எந்த மருந்தால, எறங்குனா எந்த மருந்தால, ஒன்னும் புரியாம போயிரும்.

ரெண்டு மூனு விவரம் சொல்லுங்க: உடம்புல எங்கயாச்சும் தடிப்பு அரிப்பு இருக்கா, வாய்ல புண்ணு கண்ணு செவப்பு மூஞ்சி வீக்கம் இருக்கா, காச்சல் 102 இருக்குறப்ப நாடித் துடிப்பு எவ்வளவு?

கீழக்கரை_காக்கா:

நர்ஸக்கா சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. என் கதைய கேளுங்க, நான் துபாய்ல இருக்கேன். 4 வருசத்துக்கு முன்னாடி ஒன்னுக்குப் போறதுல எரிச்சல் வந்து இங்க ஒரு கிளினிக்ல கோட்ரைமாக்சசோல்னு ஒரு சல்ஃபா மருந்து குடுத்தாங்க, நீள கோர்ஸ். எரிச்சல் மூனே நாள்ல போயிருச்சு, ஒன்பதாம் நாள் குளிரும் காச்சலும். நான் திருப்பி போனேன், இன்ஃபெக்சன் கிட்னிக்கு ஏறிருச்சு போலன்னு ஊசி ஆரம்பிச்சாங்க, மாத்திரையும் தொடருங்கன்னாங்க. ஒரு வாரம். காச்சல் எறங்கவே இல்ல. ஒன்னுக்கு டெஸ்ட் பண்ணா சுத்தமா இருக்கு, ரத்தத்துல கிருமி வளர்க்குற டெஸ்ட்டும் ஒன்னுமில்ல, ஸ்கேன்ல ஒன்னுமில்ல, காச்சல் மட்டும் டாண்ணு ஏறுது. ஊர்ல உம்மா தினம் அழுகுறாங்க. கடைசில ஒரு வயசான மலையாளி டாக்டர் வந்து எல்லா மருந்தையும் ஒரேடியா நிறுத்துங்க, ரெண்டு நாள் சும்மா பாப்போம்னாரு. எனக்கு கோவம், காச்சக்காரனுக்கு மருந்த நிறுத்துறானேன்னு. மூனாம் நாள் காலைல காச்சல் இல்ல. அவ்வளவுதான் விசயம்.

இதோட முடிஞ்சுதான்னு பாத்தா இல்ல. ரெண்டு வருசம் கழிச்சு ஊருக்கு வந்தப்ப வயிறு சரியில்லாம போயி ஒரு டாக்டர் மாத்திரை குடுத்தாரு, வேற கம்பெனி வேற பேரு, நானும் பாக்கல. காலைல ஒன்னு போட்டேன், சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னாடி பல்லு கிட்டுற மாதிரி நடுக்கம், 103. வாப்பா அட்டைய திருப்பிப் பாத்து சின்ன எழுத்துல இருந்த பேர படிச்சாரு, அதே சல்ஃபா. பேருதான் மாறிருந்துச்சு, உள்ள இருந்த சரக்கு அதேதான். அன்னைல இருந்து என் பர்ஸ்ல ஒரு சீட்டு இருக்கு, ஆதார் கார்டு பக்கத்துல.

ஏர்வாடி_ராஜா:

எல்லாரும் மருந்து மேலயே பழி போடாதீங்கய்யா. எங்கப்பாவுக்கு போன ஐப்பசி மழைக்கு அப்புறம் காச்சல், இதே 625தான் போட்டோம், 6 நாள் ஆகியும் எறங்கல. எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் போன்ல பாத்துட்டு மருந்துக் காச்சலா இருக்கும் நிறுத்துங்கன்னான், நாங்களும் நிறுத்திட்டு ரெண்டு நாள் காத்திருந்தோம். ஏறுச்சே தவிர எறங்கல. ஆளு தள்ளாட ஆரம்பிச்சுட்டாரு. அப்புறம் ஆஸ்பத்திரில சட்டைய கழட்டி ஒடம்பு பூராம் தேடுனாங்க, அக்குள்ல சிகரெட்ட வச்சு சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு. உண்ணிக் காச்சலாம், ஸ்க்ரப் டைஃபஸ். அதுக்கு இந்த பென்சிலின் வகை கேக்கவே கேக்காதாம், டாக்சிசைக்ளின் போட்டாங்க, ரெண்டே நாள்ல காச்சல் எறங்கிருச்சு. அப்பாவுக்கு ஆடு மேய்ச்சல், புதருக்குள்ள உக்காருவாரு, அங்க கடிச்சிருக்கு.

அதனால சொல்றேன், மலேரியா டெங்கு உண்ணிக் காச்சல் எல்லாம் பாத்துட்டு அப்புறம் மருந்து மேல சந்தேகப்படுங்க. நம்ம கடற்கரைக்கு மலேரியா ஒன்னும் புதுசு இல்ல, கிணறும் மூடாத தண்ணித் தொட்டியும் இருக்குற வரைக்கும்.

மண்டபம்_நர்ஸக்கா:

ராஜா தம்பி சொன்னது ரொம்ப முக்கியம், அதையும் சேத்துக்கங்க பொண்ணு. ஆனா உங்கப்பாவுக்கு காச்சல் மருந்துக்கு முன்னாடியே இருந்துச்சு, மருந்து கேக்கல. இவுங்கம்மாவுக்கு காச்சலே இல்லாம மருந்து ஆரம்பிச்சு எட்டாம் நாள் புதுசா வந்துருக்கு. ரெண்டும் வேற வேற கதை. இருந்தாலும் ரத்தம் பாக்கத்தான் வேணும், மருந்து சாப்புடுறப்பவே கொசு கடிச்சு டெங்கு வராதுன்னு யாரு சொன்னா.

சின்னப்பாலம்_பொண்ணு:

அக்கா ரொம்ப நன்றி. தடிப்பு இல்ல, முதுகுல மட்டும் லேசா அரிப்புங்குது, பாத்தா வேர்க்குரு மாதிரி அங்கிட்டும் இங்கிட்டுமா நாலஞ்சு செவப்பு. வாய்ப்புண்ணு இல்ல, கண்ணு நல்லாருக்கு. நாடி நீங்க சொன்னதுக்கு அப்புறம் ஒரு நிமிசம் எண்ணிப் பாத்தேன் 102ல 84 இருந்துச்சு. இது நல்லதா கெட்டதா? பிரஷர் மாத்திரை எதுவும் போடல, சுகருக்கு மெட்ஃபார்மின் மட்டும்தான், அது பல வருசமா போடுறது. டாக்டருக்கு போன் போட்டா எடுக்கல.

மண்டபம்_நர்ஸக்கா:

பொதுவா ஒரு டிகிரி ஏறுனா நாடி பத்து போல ஏறணும். 102ல சாதாரணமா 110 பக்கம் எதிர்பாக்கலாம். காச்சல் ஏறி நாடி ஏறாம இருந்தா அதை ஒரு குறிப்பா எடுத்துக்குவாங்க, மருந்துக் காச்சல்ல சில பேருக்கு அப்படி இருக்கும். ஆனா டைபாய்டுலயும் இருக்கும், டெங்குலயும் இருக்கும், பிரஷருக்கு அட்டெனோலால் மாதிரி மாத்திரை போடுறவங்களுக்கும் இருக்கும், அதனாலதான் பிரஷர் மாத்திரை பத்தி நானும் கேக்க நெனச்சேன். எல்லா குறிப்பும் ஒரு பக்கம் சாயுதான்னு டாக்டர் பாப்பாரு.

முதுகுல செவப்பு இருக்கு, டாக்டர் போன் எடுக்கல, அப்ப மாத்திரை நேரத்த பாத்துக்கிட்டு உக்காந்திருக்காம இப்பவே பாம்பன்லயோ மண்டபத்துலயோ ஆஸ்பத்திரில டூட்டில இருக்குறவங்கள பாத்து காட்டிருங்க, அடுத்த மாத்திரைய அவுங்க சொல்லட்டும். அந்த செவப்பு பரவுனாலோ, தோலு எரிஞ்சு கொப்புளம் போட்டாலோ, வாய் கண்ணு ரணமானாலோ, மூச்சு எளைச்சாலோ, மூஞ்சி உதடு வீங்குனாலோ யாருட்டயும் யோசனை கேக்காம 108 கூப்புடுங்க, அது காச்சல் விசயம் இல்ல, அதுல மருந்த உடனே நிறுத்தணும்.

ஒரு நோட்டுல இப்படி எழுதிக் கொண்டு போங்க: எந்தத் தேதில எத்தனை மணிக்கு முத மாத்திரை, எந்தத் தேதில முத காச்சல், ஒவ்வொரு தடவையும் எத்தனை டிகிரி, பாராசிட்டமால் எப்ப போட்டீங்க. பாராசிட்டமால் போட்டு ஒரு மணி நேரத்துல ஆஸ்பத்திரில பாத்தா காச்சலே இல்லையேம்மான்னு அனுப்பிருவாங்க, அதுக்குத்தான் சொல்றேன். மாத்திரை அட்டை காலியானதா இருந்தாலும் தூக்கிப் போடாம எடுத்துக்கங்க.

தங்கச்சிமடம்_டிரைவர்:

அக்கா ஒரு சந்தேகம். எங்க பக்கத்து வீட்டுப் பையனுக்கு எலிக்காச்சல்னு அட்மிட் பண்ணி முத ஊசி போட்ட ராத்திரியே நடுங்கித் துள்ளிட்டான், அதுவும் இந்த மருந்துக் காச்சல்தானா? மருந்து ஒத்துக்கலன்னு ஊர்ல ஒரே சத்தம்.

மண்டபம்_நர்ஸக்கா:

நல்ல கேள்வி தம்பி. பெரும்பாலும் அது வேற. எலிக்காச்சல் மாதிரி சில நோயில முத டோஸ்லயே கிருமி கொத்துக் கொத்தா செத்து, அதோட கழிவு ரத்தத்துல கொட்டும், அதுல சில மணி நேரத்துல குளிர் நடுக்கம் வந்து ஒரு நாளைக்குள்ள அடங்கிரும். அது மருந்து வேலை செய்யுதுங்குறதுக்கு அடையாளம், அலர்ஜி இல்ல, அதுக்காக மருந்த நிறுத்தக் கூடாது. இன்னொன்னும் உண்டு, கையில ஊசி ஏத்த குழாய் மாட்டி நாலஞ்சு நாள் மாத்தாம விட்டா நரம்பு ஓரம் செவந்து கயிறு மாதிரி கெட்டியாகி அதுலயும் காச்சல் வரும். ஆண்டிபயாடிக் முடிஞ்சு ஒரு வாரம் ரெண்டு வாரம் கழிச்சு தண்ணி தண்ணியா வயிறு போயி காச்சல் வர்றதும் உண்டு, கொடல்ல நல்ல கிருமி செத்து கெட்டது ஏறிக்கும். எங்க வார்டுல புதுசா வர்ற பொண்ணுங்க ஊசி போடுறவனுக்கு காச்சல்னா உடனே பவர் கூட்டலாமான்னு கேப்பாங்க, நான் குழாய் மாட்டுன கைய மொதல்ல பாருடின்னு சொல்லுவேன்.

தொண்டி_மருந்தாளுநர்:

நான் சொந்தமா மெடிக்கல் வச்சிருக்கேன், பி.ஃபார்ம் படிச்சவன், அதனால எங்க ஆளுங்கள திட்டுறதுக்கு முன்னாடி நானே திட்டிக்கிறேன். செஃபிக்ஸிம் மாதிரி மூனாம் தலைமுறை செஃப் மருந்தெல்லாம் எச்1 பட்டியல்ல இருக்கு. 2014 மார்ச்ல இருந்து நடைமுறைல இருக்குற சட்டம், டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது, குடுத்தா யாருக்கு எவ்வளவு யாரு எழுதுனதுன்னு தனி ரிஜிஸ்டர்ல எழுதி 3 வருசம் வச்சிருக்கணும். ஆண்டிபயாடிக் அட்டையில ஒரு சிவப்புக் கோடு ஓடும் பாருங்க, சீட்டு இல்லாம வாங்காதீங்கன்னு அர்த்தம். கோடு இருக்கு, வாங்குறதும் விக்கிறதும் இருக்கு. "அண்ணே ஸ்ட்ராங்கா ஒன்னு குடுங்க, காலைல போட்டுக்கு போகணும்"னு வந்து நிக்கிறவனுக்கு இல்லன்னு சொன்னா அடுத்த கடைக்குப் போறான், அதுக்காக குடுக்குறது சரின்னு சொல்லல.

காக்கா சொன்ன பேரு விசயத்துல ஒன்னு சேக்குறேன். அட்டையில பெருசா இருக்குறது கம்பெனி வச்ச பேரு, அதுக்குப் பக்கத்துலயோ கீழயோ பொடி எழுத்துல இருக்குறதுதான் மருந்தோட பேரு. ஒரே அமாக்ஸிசிலின் கிளாவுலனேட்டுக்கு எங்க அலமாரியிலயே அஞ்சாறு பேரு இருக்கு. ஒத்துக்காதது எதுன்னு எழுதி வைக்கிறப்ப அந்த பொடி எழுத்துப் பேர எழுதுங்க. 625 ஒத்துக்காதுன்னு மட்டும் எழுதாதீங்க, அது வெறும் எடைக் கணக்கு.

உறுதியாச்சுன்னா புகாரும் பண்ணலாம், புகார்னா யாரு மேலயும் கேஸ் இல்ல, மருந்தோட பக்க விளைவ நாட்டுக் கணக்குல ஏத்துறது. இந்தியாவுல 2010ல இருந்து அதுக்குன்னு ஒரு திட்டம் ஓடுது, 1800 180 3024 இலவச நம்பர், நோயாளியே கூப்புடலாம். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில கேட்டா ஃபாரமும் இருக்கும்.

ஏர்வாடி_ராஜா:

சரிண்ணே, பென்சிலின் ஒத்துக்கலன்னா அப்ப செஃப் வகையும் ஒத்துக்காதா? ரெண்டும் சொந்தக்காரங்கன்னு சொல்றாங்களே.

தொண்டி_மருந்தாளுநர்:

சொந்தம்தான், ஆனா ஒருத்தர ஒத்துக்கலன்னா இன்னொருத்தரும் கட்டாயம் ஒத்துக்காதுன்னு இல்ல. முன்னாடி பயந்த அளவுக்கு இப்ப பயப்படுறது இல்ல, பென்சிலின் ஒத்துக்காத நெறைய பேருக்கு செஃப் வகை பிரச்சனை இல்லாம போகுது. என்ன மாதிரி அலர்ஜி வந்துச்சுங்குறத பொறுத்து டாக்டர் முடிவு பண்ணுவாரு. காச்சல் மட்டும் வந்ததும் மூச்சு அடைச்சு மயங்கி விழுந்ததும் ஒன்னு இல்ல. அதனால "அலர்ஜி"ன்னு ஒத்த வார்த்தையோட நிறுத்தாம என்ன ஆச்சுன்னும் சேத்து எழுதணும். சும்மா பென்சிலின் அலர்ஜின்னு எழுதி வச்சுட்டு வாழ்நாள் பூராம் நல்ல மருந்த இழந்தவங்களும் இருக்காங்க.

சின்னப்பாலம்_பொண்ணு:

அஞ்சு நாள் கழிச்சு எழுதுறேன் மன்னிச்சுக்கங்க, அலைச்சல்ல போன் எடுக்கவே நேரமில்ல.

அன்னைக்கு ராத்திரியே பக்கத்து ஆஸ்பத்திரில டூட்டி டாக்டர்ட்ட காட்டுனோம், முதுகுல இருந்த செவப்ப பாத்துட்டு இன்னைக்கு ராத்திரி மாத்திரை வேணாம், காலைல ராம்நாட்டுக்கு போயி காலயும் பாத்துருங்கன்னு எழுதிக் குடுத்தாரு. மறுநாள் விடியக்காலைல பஸ் புடிச்சு ராம்நாடு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன். நர்ஸக்கா சொன்ன மாதிரி நோட்டு போட்டிருந்தேன், அத ஒரு சின்ன வயசு டாக்டரம்மா வாங்கிப் பாத்துட்டு யாரு எழுதச் சொன்னான்னு கேட்டாங்க. ஆன்லைன்ல ஒரு அக்கான்னேன், சிரிச்சாங்க.

கால எக்ஸ்ரே எடுத்தாங்க கல்லுத்துண்டு எதுவும் தெரியல. அழுத்திப் பாத்தாங்க, ஸ்கேனும் பண்ணாங்க, சீழ் இல்ல. மலேரியா, டெங்கு ரெண்டும் இல்ல. ராஜாண்ணே சொன்னத நான் சொன்னதும் அம்மாவ தனியா கூட்டிட்டுப் போயி உடம்பு பூராம் பாத்தாங்க, கருப்புப் பொருக்கு எங்கயும் இல்ல. ரத்தத்துல வெள்ளை அணு கொஞ்சம்தான் கூட, ஆனா ஈசினோபில்னு, அலர்ஜில கூடுற ஒரு வகை வெள்ளை அணுவாம், அது 11 சதவீதம் இருந்துச்சு, 6 வரைக்கும்தான் இருக்கணுமாம். லிவர் டெஸ்ட்ல ஒன்னு லேசா கூட. அத பாத்துட்டு பெரிய டாக்டரு மாத்திரைய இனி தொடவே வேணாம், வேற ஆண்டிபயாடிக்கும் இப்ப வேணாம், புண்ணுக்கு டிரெஸ்ஸிங் மட்டும், ரெண்டு நாள் வார்டுல வச்சுப் பாப்போம்னாரு.

மாமாவுக்கு கோவம்னா கோவம். குளுக்கோஸ் கூட ஏத்தாம என்னத்த ஆஸ்பத்திரின்னு வராண்டாவுலயே சத்தம் போட்டாரு. எனக்கும் உள்ளுக்குள்ள பயம்தான், சும்மா பாத்துக்கிட்டே இருக்கறது இருக்கே அது மருந்து குடுக்கறத விட கஷ்டம். முத நாள் ராத்திரி 101.4 இருந்துச்சு, நான் தூங்கவே இல்ல. ரெண்டாம் நாள் சாயங்காலம் 99.6. மூனாம் நாள் காலைல 98.4. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் ஏறல. முதுகு அரிப்பும் போயிருச்சு.

மருந்து தான் காரணம்னு உறுதியான்னு கேட்டேன். பெரும்பாலும் அதான், திருப்பி அதே மாத்திரைய குடுத்து காச்சல் வருதான்னு பாத்தாதான் முழுசா உறுதி பண்ண முடியும், அதுக்காக உங்கம்மாவ வச்சு சோதனை பண்ண முடியுமான்னு டாக்டரு கேட்டாரு. டிஸ்சார்ஜ் சீட்டுல மருந்து பேரும் எட்டாம் நாள் காச்சல்னும் எழுதிருக்காங்க. அந்த ஃபாரமும் அங்கயே அவுங்களே எழுதிட்டாங்க மருந்தாளுநரண்ணே, நான் கேக்கவே இல்ல.

கீழக்கரை_காக்கா:

அல்ஹம்துலில்லாஹ். தங்கச்சி அந்த சீட்ட லேமினேட் பண்ணி உம்மா பாசிக்குப் போற பையில ஒன்னு வீட்டுல ஒன்னு வைங்க. போன்ல படமும் எடுத்து வைங்க, சீட்டு நனைஞ்சு போகும்.

மண்டபம்_நர்ஸக்கா:

சந்தோசம்மா. லிவர் டெஸ்ட்ட மட்டும் ரெண்டு வாரத்துல ஒரு தடவை திருப்பிப் பாத்துருங்க, எறங்கிரும், இருந்தாலும் பாருங்க. இன்னும் ஒரு மாசம் ரெண்டு மாசத்துக்குள்ள புதுசா தடிப்பு, மூஞ்சி வீக்கம், கழுத்துல நெறி கட்டுறது வந்தா அப்பவும் இந்த சீட்டோட போங்க, சில பேருக்கு நாள் கழிச்சு வரும். மாமாவுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து சமாதானம் பண்ணுங்க.

சின்னப்பாலம்_பொண்ணு:

மாமா இப்ப ஊர்ல எல்லாருட்டயும், நான்தான் மொதல்லயே மாத்திரை மேல சந்தேகப்பட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாரு அக்கா. அம்மா வேற நாளைக்கே கடலுக்குப் போறேன்னு நிக்குது, பக்கத்து வீட்டு அத்தைங்க எல்லாம் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போறாங்களாம், நல்ல வெலையாம். புண்ணு மேல தோலு இன்னும் இளசா ரோஸ் கலர்ல இருக்கு, உப்புத் தண்ணி படக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னத நாலு தடவை சொல்லிட்டேன், கேக்கல. புதுசா வாங்குன ரப்பர் செருப்பு ஜோடில ஒத்தைய மட்டும் அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன்.